என் பெயரில் ஒரு கண்ணாடித் தொட்டி

எனக்கு நடந்தது அநியாயம். முழுவதையும் வாசித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் கனிசியஸ். அரசாங்க அதிபர் கந்தோரான யாழ்ப்பாணக் கச்சேரியில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். பிறந்தது குருநகர். கலியாணம் கட்டி வந்து இருப்பது கொழும்புத்துறையில், என் மனைவி பெர்னடெட்டின் சீதன வீட்டில். வீடு அவளுடையது. வளவு அவளுடையது. கிணறும் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியும் தேசிமரமும் அவளுடையவை. நான் படுக்கும் கட்டில் சீதன உறுதிப் பத்திரத்தில் எழுதப்படவில்லை, ஆனாலும் அதுவும் அவளுடையதுதான். பதினாறு வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். என்னுடையது என்று சொல்ல ஒரு சைக்கிளும் ஒரு குடையும் இருந்தன. அந்தக் குடையையும் அவள்தான் பூசைக்குக் கொண்டு போவாள்.

என் பெயரில் ஒரு பொருள் வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன். அது விறாந்தையில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கவேண்டும். பக்கத்து வீட்டுக் கிறகோரி, றேடியோ திருத்துகிறவன், மூன்று வருஷமாகக் கண்ணாடித் தொட்டியில் தங்கமீன் வளர்க்கிறான். தெருவில் போகிற சனம் அவன் வீட்டை எட்டிப் பார்க்கும். என் வீட்டை ஆடுதான் எட்டிப் பார்க்கும். எண்பத்தைந்தாம் ஆண்டு ஆவணி மாதம் நானும் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, காற்று மோட்டாரும் வடிகட்டிப் பெட்டியும் பூட்டி, ஆறு தங்கமீன்களை விட்டேன்.

பெர்னடெட் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

“உங்கடை அப்பர் மீன் பிடிச்சுத்தான் உங்களைப் படிப்பிச்சவர். மீனுக்குச் சாப்பாடு போடவே நீங்கள் படிச்சனீங்கள்?”

பதில் மீன்கள் சொல்லும் என்று இருந்தேன். மூன்றாம் நாள் அவை ஆறும் மல்லாந்து மிதந்தன.

அடுத்த ஆறும் ஐந்து நாளில் போய்விட்டன. மூன்றாம் தடவை நான் விடவில்லை. தொட்டியை உப்புப் போட்டுத் தேய்த்தேன். வடிகட்டிப் பெட்டிக்குள் இருந்த பஞ்சைத் தினமும் சவர்க்காரம் போட்டு அலசினேன். நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். தண்ணீர் பளிங்குபோல இருந்தது, மீன்தான் இருக்கவில்லை. ஐந்து செத்து, ஆறாவது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது நான் கந்தோருக்குப் போக நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் அதையும் காணவில்லை. தான் பார்த்துக்கொண்டதாகப் பெர்னடெட் சொன்னாள். தேசிமரத்தடியில் புதைத்துவிட்டாள் என்று விளங்கிக்கொண்டேன். அந்த வருஷம் தேசிமரம் கொத்துக் கொத்தாகக் காய்த்தது, அதுவும் அவள் கணக்கில்.

பிறகு ஒருநாள் அவள் என் தொட்டியைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். நத்தாருக்குப் பாலன் குடில் வைக்கவாம். போன வருஷம் குடிலின் வைக்கோல் கூரையை ஆடு வந்து தின்றுவிட்டது, கண்ணாடிக்குள் வைத்தால் ஆடு என்ன செய்யும் என்று கேட்டாள். எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. உலகத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே தொட்டி, அதற்குள் ஒட்டகமும் மூன்று இராசாக்களுமா?

வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் முடிப்போம் என்றேன். நத்தாருக்கு நாலு கிழமை முந்தி வரும் ஞாயிறைத் தவணையாக்கி, காபன் தாள் வைத்து எழுதினேன்.

‘ஒன்று: திருவருகைக் காலத்து முதலாம் ஞாயிறன்று தொட்டியில் மீன்கள் உயிரோடு இல்லையாயின், தொட்டி குடிலுக்குக் கையளிக்கப்படும். இரண்டு: உயிரோடு இருப்பின், அவற்றை உயிரோடு வைத்திருந்தவருக்கே தொட்டியின் முழு உரித்தும் என்றென்றைக்கும் சேரும்; மற்றவர் அதில் கைவைக்க உரித்துடையவர் அல்லர்.’

பெர்னடெட் இரண்டு தரம் வாசித்தாள்.

“இரண்டாவதை யோசிச்சுத்தானே எழுதினனீங்கள்?”

“கச்சேரியிலை இருபது வருஷம் எழுதின கை. ஓட்டை இருக்காது.”

அவள் கையெழுத்துப் போட்டாள். காபன் பிரதியை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

அடுத்த நாள் கிறகோரியிடம் போனேன். என்ன மருந்து போடுகிறாய் என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டு தன் வடிகட்டிப் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே பஞ்சு சகதி நிறத்தில், தொட்டால் வழுக்கும்போல இருந்தது. எங்கள் கிணற்றடியிலும் இப்படி ஒரு அருவருப்பு உண்டு. சீமெந்துத் தொட்டியின் தண்ணீர் கீரைப் பாத்திக்கு மெல்லப் போவதற்காகப் பெர்னடெட் வாய்க்கால் ஓட்டையில் தென்னந் தும்பை அடைத்து வைத்திருக்கிறாள். வருஷக்கணக்காக ஊறி, கறுத்து, பாசி பிடித்த தும்பு. தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று அந்தத் தொட்டிக்குள் சில குஞ்சு மீன்களையும் விட்டிருக்கிறாள், அவற்றை நான் மீனில் சேர்ப்பதில்லை. தும்பை எடுத்து எறியும் என்று பத்துத் தரம் உத்தரவு போட்டிருக்கிறேன். என் உத்தரவுக்கு அந்த வீட்டில் என்ன மரியாதை என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

“அண்ணை, எதைக் கழுவினாலும் உந்தப் பஞ்சைச் சவர்க்காரம் போட்டுக் கழுவக்கூடாது” என்றான் கிறகோரி. “மீன்ரை கழிவைத் தின்னுற கிருமியள் உதுக்குள்ளைதான் குடியிருக்குது. புதுத் தொட்டியிலை அதுகள் இல்லை. மீன் தன்ரை கழிவாலையே நஞ்சேறிச் சாகுது. பழம் பஞ்சிலை ஒரு துண்டு வைச்சால் புதுத் தொட்டியும் பழந்தொட்டி மாதிரித்தான்.”

பாதி தா என்று கேட்டேன். இருக்கிற மீனுக்கே அது மட்டுமட்டு, நத்தார் முடிய ஒரு துண்டு தருகிறேன் என்றான். நத்தார் முடிந்து எனக்கு எதற்குப் பஞ்சு? அந்த ஞாயிற்றுக்கிழமை, கிறகோரி குடும்பத்தோடு இரண்டாம் பூசைக்குப் போயிருந்த நேரம், ஒரு பிளேடோடும் என் சாப்பாட்டுப் பெட்டியோடும் அவன் விறாந்தையில் ஏறினேன். பாதிதான் வெட்டினேன். முழுவதையும் எடுக்க மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. சுவரில் ஆண்டவரின் திரு இருதயப் படம் இருந்தது, அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து பஞ்சைப் பெட்டிக்குள் வைத்துக் கூழாங்கல்லால் மூடும்போது பெர்னடெட் வந்துவிட்டாள்.

“உதென்ன மணம்?”

“கிருமி. நல்ல கிருமி.”

“எங்காலை?”

“கிறகோரி தந்தவன்.”

“கழுவிப்போட்டு வைக்கட்டே?”

“உதைக் கழுவினால் நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன்.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் இருக்கச் சொல்லி, கிறகோரி சொன்னதெல்லாம் நானே கண்டுபிடித்தது மாதிரி விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பதினாறு வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை, எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

“அப்ப மீன் இருக்கிற தண்ணியிலை கனகாலம் ஊறினது எதெண்டாலும் சரிதானே?” என்று கேட்டாள்.

இதெல்லாம் விஞ்ஞானம், உமக்கு விளங்காது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு நன்றாக நித்திரை கொண்டேன். எழும்பிப் பின்னேரம் போய் ஆறு மீன் வாங்கிவந்து விட்டேன்.

மூன்றாம் நாள் ஆறும் நீந்தின. ஐந்தாம் நாளும் நீந்தின. ஒரு கிழமை, இரண்டு கிழமை போயிற்று. கரண்ட் நின்று மோட்டார் ஓய்ந்தபோதும் நீந்தின. கோட்டை ஆமி முகாம் பக்கம் ஷெல் சத்தம் கேட்டு நாங்கள் மேசைக்குக் கீழே புகுந்த நாளிலும் அவை பாட்டுக்கு மேலே நீந்திக்கொண்டிருந்தன. நான் கச்சேரிக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். சுகம் விசாரித்தவர்களுக்கெல்லாம் மீனின் சுகத்தைச் சொன்னேன். பெர்னடெட் சாண் போட்டு அளப்பதையும் நிறுத்திவிட்டாள். தோல்வியை ஒத்துக்கொண்டாள் என்று நினைத்து, அவளுக்காகக் கொஞ்சம் இரக்கமும் பட்டேன்.

திருவருகைக் காலத்து முதலாம் ஞாயிறும் வந்தது. பூசை முடிந்ததும் கிறகோரியைக் கூட்டிக்கொண்டு வந்து தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தினேன். பெர்னடெட் தேத்தண்ணி கொண்டு வந்தாள். மீன் வளர்க்கப் பஞ்சு முக்கியமில்லை, பொறுமைதான் முக்கியம் என்று தொடங்கி நான் கால் மணித்தியாலம் கதைத்தேன். கிறகோரி தேத்தண்ணியைக் குடித்து முடித்தான்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ” என்றான். “அண்டைக்கு நீங்கள் வெட்டின பாதியை அக்கா அண்டைக்கே கொண்டந்து தந்திட்டா. ஊசிநூல் எடுத்துத் தைச்சும் விட்டவ. இப்ப என்ரை பெட்டியிலை பஞ்சு முழுசாத்தான் இருக்குது.”

என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். எழும்பிப் போய்ச் சட்டைக் கையோடு தொட்டிக்குள் கையை விட்டேன். பெட்டியைத் திறந்து கூழாங்கல்லை ஒதுக்கி இழுத்தேன். கறுத்த, பாசி பிடித்த தென்னந் தும்பு ஒரு பிடி கையில் வந்தது.

“கிறகோரி பூசையிலை நிக்கேக்கை என்னெண்டு உங்களுக்குத் தந்தவன்? களவெடுத்த பஞ்சு எங்கடை வீட்டிலை வேண்டாம் எண்டுதான் மாத்தினனான்” என்றாள் பெர்னடெட். “நீங்கள் நித்திரை கொள்ளேக்கை. கிணத்தடித் தும்பிலை பாதி. நீங்கள் எறியச் சொன்ன தும்பு.”

“அதுக்குள்ளை நல்ல கிருமி இருக்குது எண்டு உமக்கு என்னெண்டு தெரியும்?”

“நீங்கள் சாகவிட்டுப் போன ஆறாவது மீன் கிணத்தடித் தொட்டியிலை மூண்டு மாசமாய் நிக்குது. போய்ப் பாருங்கோ.”

போய்ப் பார்த்தேன். தங்கமீன் என் உள்ளங்கை அளவுக்குக் கொழுத்து, தும்படியில் நின்று செட்டையை ஆட்டியது. தினமும் அந்தத் தொட்டியில்தான் முகம் கழுவுகிறேன். குனிந்து ஒருநாளாவது பார்த்தேனா?

திரும்பி வந்தபோது செபப் புத்தகம் மேசையில் திறந்திருந்தது. காபன் பிரதியை என் பக்கம் நகர்த்தி, இரண்டாவதை மட்டும் வாசியுங்கோ என்றாள். வாசித்தேன். கிறகோரியும் எட்டி வாசித்தான். நான் இன்னொரு தரமும் வாசித்தேன்: ‘உயிரோடு வைத்திருந்தவருக்கே’. கச்சேரியில் இருபது வருஷம் எழுதின கை, ஒரு ஓட்டைகூட இல்லை.

அடுத்த நாளே ஆறு மீன்களும் தும்போடு கிணற்றடிக்கு இடம்பெயர்ந்தன. அந்த நத்தாருக்கு எங்கள் வீட்டில் பாலன் கண்ணாடிக்குள் பிறந்தார். வெளியே நின்று ஆடு பார்த்தது, நானும் பார்த்தேன். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்ட பெர்னடெட்டுக்கு மனம் கேட்கவில்லை. காற்று மோட்டாரைத் துடைத்துக் கொண்டு வந்து என் கையில் வைத்தாள்.

“இந்தாங்கோ, இது உங்கடை பேரிலை இருக்கட்டும்.”