நாலாவது பெடல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இட்லியைப் பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் அறிவித்தார்.

"நம்ம காரை மேனுவலா மாத்தப் போறேன்."

முப்பத்துநாலு வருஷம் கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் வாயைத் திறந்தால் சர்க்குலர் வந்த மாதிரி. கீழே கையெழுத்துப் போடத்தான் இடம் இருக்கும், பதில் எழுத இருக்காது.

"என்னத்துக்குங்க? நல்லாத்தானே ஓடுது?"

"ஆட்டோமேட்டிக் எல்லாம் ஒரு காரா? தொட்டில். உக்காந்தா அதுவே ஆட்டிக் கொண்டுபோகுது. ஓட்டறவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"முட்டிக்கு ஆகுமா?"

"எந்த முட்டி?"

இடது முட்டி. அரை மணி முன்னால் நான் தேய்த்துவிட்ட தைலத்தின் வாசனை சட்னியையே அமுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் கணக்கில் அப்படி ஒரு முட்டியே உலகத்தில் கிடையாது.

அந்தக் கார் வந்ததே அந்த முட்டியால்தான். ரெண்டு வருஷம் முன்னால் அவர் இருபத்தெட்டு நாள் வைத்தியசாலையில் எண்ணெயில் ஊறிக் கிடந்தார். அப்போது தோஹாவிலிருந்து லீவில் வந்திருந்த மகன் பிரதீஷ், அப்பாவின் இடது காலுக்கு வேலையே வேண்டாம் என்று ஒரு பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கிப் போட்டான். இவர் வீட்டுக்கு வந்தார். ரெண்டு நாள் ஓட்டினார். "தொட்டில்," என்று சொல்லி சாவியை ஆணியில் மாட்டினார். அந்த ஆணியிலிருந்து சாவியை எடுத்தவள் நான்.

செவ்வாயும் வெள்ளியும் மட்டாஞ்சேரியிலிருந்து திருப்பூணித்துறைக்குப் போவேன். அங்கே மகள் ஜிஷாவின் ஃப்ளாட். அந்த ரெண்டு நாளும் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆபீஸ். பேத்தி அதிதியின் ஸ்கூல் வேன் மூணரைக்கு வரும். நான் ஒரு மணிக்கே போய்ப் பூட்டைத் திறந்து உட்கார்ந்திருப்பேன். யாரும் இல்லாத வீட்டில் மிச்ச நேரம் ஃபிரிட்ஜ்தான் பேசும்.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். பிள்ளைகள் ரூமில் கட்டில் மேலே மோர்மிளகாய் வத்தல் காய்கிறது. பிரதீஷ் ஞாயிற்றுக்கிழமை போனில் வருவான், "அம்மே, சிக்னல் போகுது" என்பான், போய்விடுவான். மற்ற ஆறு நாளும் நாங்கள் ரெண்டு பேர்.

"சாயா?"

"ம்."

"சோறு போடட்டா?"

"ம்."

அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

அதனால் நான் வாய் திறந்து பேசுகிற இடம் அந்தக் கார் ஒன்றுதான். கண்ணாடியை ஏற்றிவிட்டு, தோப்பும்படி பாலத்திலிருந்து பேட்டை வரைக்கும் பகவதியிடம் பேசிக்கொண்டே போவேன். பிரதீஷின் இருமல், ஜிஷாவின் பி.பி., இவருடைய முட்டி எல்லாம் வரிசையாக வரும். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் நான் போனில் யாரோடோ சண்டை போடுவதாக நினைப்பார்கள். அந்தக் கார் போனால் எனக்கு வாயும் போச்சு.

அவர் திட்டம் எனக்குப் புரியாமல் இல்லை. இவளுக்குக் கிளட்ச் இல்லாத வண்டிதானே ஓட்டத் தெரியும், கிளட்ச் வைத்துவிட்டால் வீட்டோடு இருப்பாள். போகாதே என்று சொல்லலாமே? சொல்ல மாட்டார். மரியாதை குறைந்துவிடும். "நீங்களும் வாங்களேன்" என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். "மருமகன் வீட்டுல பகல் முழுக்கப் போய் உக்காரவா?" என்பார். அதற்கும் அதே மரியாதைதான்.

வண்டி கொச்சங்காடியில் பாண்டியராஜின் வொர்க்‌ஷாப்புக்குப் போனது. மூணாம் நாள் பாண்டி எனக்குப் போன் போட்டான்.

"சேச்சி, அண்ணன் சொன்ன மாதிரி செஞ்சிரட்டா? பிரிச்சுப் போட்ட வண்டி ஒண்ணு கெடக்கு, இதே மாடல். அதுலேர்ந்து கியர்பாக்ஸ், கிளட்ச், மூணு பெடல் எல்லாம் எடுத்து வைக்கலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பேப்பர் எல்லாம் அண்ணனே பாத்துக்கறாராம். அதுல மட்டும் ரொம்ப சந்தோஷமா இருக்கார்."

"பழைய கியர்பாக்ஸ் கேடா பாண்டி?"

"ஒரு கேடும் இல்ல சேச்சி. இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். சொன்னேன். கேக்கல."

"வேற என்ன சொன்னார்?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. 'அவ இல்லாத நாள்ல வீட்ல ஒரு குக்கர் விசில்கூட இல்லடா பாண்டி. சுவரு கடிக்க வருது'ன்னார்."

போனை வைத்தேன். முப்பத்தாறு வருஷக் குடித்தனம். "ம்" என்று மட்டுமே பேசுகிற மனுஷன். இந்த ஒரு வார்த்தையை என் காதுக்குக் கொண்டுவர அவருக்கு ஒரு கியர்பாக்ஸையே கழற்ற வேண்டியிருந்தது.

மறுபடி பாண்டியைக் கூப்பிட்டேன். "மாத்திடு," என்றேன்.

மூணு வாரம் வண்டி இல்லை. அதிதி ஸ்கூல் விட்டுப் பக்கத்து ஃப்ளாட்டில் இருந்தாள். போனில், "பாட்டி, கார் சுகமாச்சா?" என்று கேட்பாள். முன் அறையில் கிடந்த இவருடைய நாற்காலி மெல்ல மெல்ல நகர்ந்து அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்தார். சாயா கேட்டால் அதே "ம்" தான்.

வண்டி வந்தது. நடுவில் கம்பீரமாகக் கியர் கம்பு. கீழே மூணு பெடல்.

"இனி இது ஆம்பிளை வண்டி," என்றார்.

"அய்யோ, இனி நான் எப்படிங்க போவேன்?" என்றேன். பொய் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். இருந்தாலும் பகவதியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவைத்தேன்.

"நான் கொண்டுபோய் விடறேன். மாசத்துல ஒரு தடவை."

"அப்போ இன்னிக்கே போலாமா? செவ்வாய்க்கிழமை."

ஆம்பிளை வண்டியை வைத்துக்கொண்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? ஏறினார்.

பஜார் ரோட்டில் லாரியிலிருந்து மிளகு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பத்தடி போவோம், நிற்போம். ஒவ்வொரு தடவையும் கிளட்ச். தோப்பும்படி வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது.

"வலிக்குதாங்க?"

"வலியா? யாருக்கு?"

"மூஞ்சி வேற மாதிரி இருக்கே."

"வெயில் அடிக்குது."

"வானம் மூடிக் கெடக்குதுங்க."

"நீ ரோட்டைப் பாரு!"

பாலத்தின் ஏற்றத்தில் வரிசை நின்றது. நாங்களும் நின்றோம். வரிசை நகர்ந்தது. நாங்கள் நகரவில்லை. இஞ்சின் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. ரெண்டாம் தடவையும் அணைந்தது. மூணாம் தடவை வண்டி பின்னால் போனது. பின்னால் மீன் லாரி ஒன்று.

"சேட்டா, முன்னோட்டு! முன்னோட்டு!" என்று லாரிக்காரர் கையால் கதவைத் தட்டினார்.

இவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, இடது காலை ரெண்டு கையாலும் தூக்கிக் கிளட்சிலிருந்து எடுத்து வைத்தார்.

"சரோஜம், பாண்டிக்குப் போன் போடு."

"பாண்டி என்ன, பறந்தா வருவான்? நீங்க இந்தப் பக்கம் வாங்க."

"வந்து?"

"உக்காருங்க."

நொண்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். மொத்தப் பாலமும் ஹாரன் அடித்தது. நான் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து சீட்டை முன்னால் இழுத்தேன். கிளட்சை மிதித்தேன், ஃபர்ஸ்ட் போட்டேன், பாதி விட்டேன், வண்டி முனகியதும் ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். அம்மே பகவதி என்றேன். ஒரு சாண்கூடப் பின்னால் போகாமல் ஏறியது.

தேவரா தாண்டியதும் கேட்டார்.

"யாரு படிப்பிச்சா?"

"டிரைவிங் ஸ்கூல்லங்க. நீங்க எண்ணெயில கெடந்தப்போ, பிரதீஷ் சேத்துவிட்டான். இருபத்தெட்டு நாளும் விடியக்காலம் போனேன்."

"அங்க ஆட்டோமேட்டிக் இல்லையா?"

"லைசென்ஸ் டெஸ்டுக்கு எச் போடற கிரவுண்டுல தொட்டில் ஏதுங்க? நம்ம கல்யாணத்தப்போ வாங்கின மாதிரி ஒரு பழைய வண்டி. கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல."

"லைசென்ஸைக் காட்டினேனே."

"நான் என்ன கேட்டேன்?"

"ஒண்ணும் கேக்கல. போட்டோல கண்ணு மூடியிருக்குன்னு சொன்னீங்க."

ஃப்ளாட்டில் பூட்டைத் திறந்தேன். ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். ஃபிரிட்ஜ் பேசியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பூட்டியிருந்த எதிர் ஃப்ளாட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லா நாளும் இப்படித் தனியாத்தான் உக்காந்திருப்பியா?"

"ம்," என்றேன்.

கையோடு கொண்டுவந்த பேப்பரை மடித்து வைத்தார். மூணரை வரைக்கும், தான் எப்படி ஒரே நாளில் ஒரு வார்டு ஓடையையே தூர் வாரினார் என்று சொன்னார். நாலு தடவை கேட்ட கதை. முதல் தடவை மாதிரிக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் சாவியோடு வெளியே வந்தபோது அவர் இடது சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். முட்டிக்கடியில் தலையணை.

"நேரமாச்சு. எடு."

அன்றிலிருந்து எனக்கும் பகவதிக்கும் பேச்சே இல்லை. இவர் விட்டால்தானே! "செகண்ட் போடு. ஹாரன் அடி. அந்த ஆட்டோக்காரனை நம்பாதே. பஸ்ஸு, பஸ்ஸு!" முப்பத்தாறு வருஷத்து மிச்சப் பேச்சு முழுக்கத் தோப்பும்படிக்கும் பேட்டைக்கும் நடுவே வந்து கொட்டுகிறது.

அடுத்த வாரம் பாண்டி மறுபடி போன் போட்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினான்.

"சேச்சி, அண்ணன் வந்திருந்தார். டிரைவிங் ஸ்கூல் வண்டில இருக்குமே, அந்த மாதிரி இடது பக்கமும் ஒரு பிரேக் வேணுமாம். உங்களை நம்ப முடியலையாம். வைக்கட்டா?"

பகவதி படத்தைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"வை பாண்டி. நல்லாப் பெரிசா வை. ஆனா அதை எதோடயும் சேக்காதே. அடியில ஒரு ஸ்பிரிங் மட்டும் போதும்."

நேற்று குண்டன்னூர் சிக்னலில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே பாய்ந்தது. நான் என் பிரேக்கை மிதித்தேன். அவர் அவருடையதை, வலது காலில் இருந்த பலம் முழுக்கக் கொடுத்து மிதித்தார். வண்டி நின்றது. அவர் நெற்றியைத் துடைத்தார்.

"பாத்தியா? நான் மட்டும் இல்லேன்னா இன்னிக்கு உன் கதி?"

"நீங்க இல்லேன்னா அவ்ளோதாங்க," என்றேன்.

பெருமையாகக் காலை எடுத்தார். ஸ்பிரிங் கீச்சென்றது.