பதினேழு படிகளும் ஒரு சாதனையாளரும்

கை கால் இழந்தவர்களின் ஓய்வுநேரத்தையும் வாழ்க்கையையும் மேம்படுத்தியே தீருவது என்று அரசாங்கம் முடிவெடுத்துவிட்டது. முடிவெடுத்தால் சும்மா விடுவார்களா? அதற்கென்று ஓர் அலுவலகம், ஓர் அதிகாரி, சுவரில் சூரியன் உதிக்கிற படம், எல்லாம் வந்து இறங்கின. இடம், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளம். மாடியில் மனமகிழ் மன்றம். நடுவே பதினேழு படிகள். கைப்பிடி கிடையாது.

எதிர்க்கடைத் தையல்காரருக்கு அந்தப் பதினேழு படிகள்தான் வினை. ஒரு லாரி அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. செயற்கைக் கால் வந்தது. வலது காலால் மெஷினை மிதிக்கிறார், பிழைப்பு ஓடுகிறது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மன்றத்து ஜன்னலிலிருந்து கேரம் காய் அடிபடுகிற சத்தம் வரும் பாருங்கள், மனுஷனுக்கு விரல் துடிக்கும். கால் போவதற்கு முன்னால், அவரும் அவருடைய மச்சானும் ஜோடி சேர்ந்தால் அந்த மாடியில் ஜெயிக்க ஆளே கிடையாது.

போர்டைக் கீழே இறக்கி ஆடலாமே என்று யாருக்காவது தோன்றும் என்று காத்திருந்தார். தோன்றவில்லை. வாய்விட்டுக் கேட்கவும் கூச்சம். அதனால் அலுவலகத்தில் மனு கொடுத்தார்.

அதிகாரியை அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய பேன்ட்டின் இடுப்பை இரண்டு தடவை பிரித்துப் பெரிதாக்கித் தைத்துக் கொடுத்திருக்கிறார்.

"படிக்கட்டுல ஒரு கைப்பிடி வேணும் சார். மேல போய் கேரம் ஆடணும்."

"கேரமா?" அதிகாரி படிவத்தைப் புரட்டினார். "மலையேற்றம் இருக்கு, பாராசூட் இருக்கு, நெடுந்தூர ஓட்டம் இருக்கு. சும்மா உக்காந்து ஆடறதுக்குக் கட்டமே இல்லியே."

"எனக்கு அதுதான் சார் பிடிக்கும்."

"பிடிச்சு என்ன பண்றது? பாக்கறவங்களுக்கு எழுச்சி வர வேணாமா? அதுவும் கைப்பிடி வெச்சுட்டா உங்க மன உறுதிய நாங்க எப்படி அளக்கறது?"

தையல்காரர் எழுந்திருக்கப் போனார். அதிகாரிக்கே பாவமாகிவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு பண்ணுங்க. அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம் நடத்தறோம். ஓடி முடிச்சா நீங்க சாதனையாளர். சாதனையாளர் மனுவ நேரா மேலிடத்துக்கு அனுப்பலாம்."

"கேரம் ஆடறதுக்கு ஓடணுமா? உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றாள் மனைவி. அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் தையல்காரர் தினமும் விடியற்காலையில் ஓடிப் பழகினார். செயற்கைக் கால் உரசி உரசிப் புண்ணாயிற்று. மருந்து தடவி, துணி சுற்றி, மறுபடி ஓடினார். கண்ணுக்கு முன்னால் வெற்றிக்கோடெல்லாம் தெரியவில்லை. மாவு தூவின போர்டும் நடுவில் அந்தச் சிவப்புக் காயும்தான் தெரிந்தன.

ஓட்டத்தில் கடைசியாக வந்தார். ஆனால் வந்தார். கூட்டம் கைதட்டியது, மச்சான் வீடியோ எடுத்தான், அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரில் உள்ள அத்தனை செல்போனிலும் அன்று தையல்காரர்தான் ஓடினார்.

பத்தாம் நாள் மேலிடத்துப் பதில் வந்தது. அதிகாரி எழுந்து நின்று வாசித்தார்:

"மேற்படி நபர் ஐந்து கிலோமீட்டர் ஓடக்கூடியவர் என்பது நமது அலுவலகத்தாலேயே சான்றளிக்கப்பட்டிருப்பதால், பதினேழு படிகள் ஏறுவதில் அன்னாருக்குச் சிரமம் இருப்பதாகக் கருத இடமில்லை. மனு மகிழ்ச்சியுடன் நிராகரிக்கப்படுகிறது."

"ரோட்டுல படி இல்லியே சார்!"

"அடடா, உங்க வெற்றிய நீங்களே குறைச்சுப் பேசாதீங்க," என்று அதிகாரி கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தையல்காரருக்கு அழுகை வந்தது. வெளியே வந்து முதல் படியில் உட்கார்ந்து, காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். மாடியிலிருந்து மச்சான் குதித்துக் குதித்து இறங்கி வந்தான்.

"மாமா! மேல உங்க படத்தப் பெரிசா மாட்டியிருக்கோம், தெரியுமா? மூட்டு வலின்னு இப்ப ஒருத்தனும் வாயத் தொறக்கறதில்ல. உங்க படத்தப் பாத்தா வெக்கமாப் போயிடுது. நீங்க எங்ககூடவே இருக்கற மாதிரி இருக்கு மாமா!"

இரண்டு வருஷமாக அடக்கிவைத்ததைத் தையல்காரர் அன்று கேட்டேவிட்டார்.

"ஏன்டா, அந்தப் போர்டக் கீழ கொண்டாந்து ஆடினா என்னடா?"

மச்சான் திடுக்கிட்டான். அண்ணாந்து மேலே பார்த்தான்.

"போர்டையா? என்ன மாமா, வெளையாடறீங்களா? பதினேழு படி! புடிச்சு இறங்கக் கைப்பிடிகூட இல்ல, எவனாவது விழுந்து கைகால் போச்சுன்னா?"