கத்தாத இன்ஜின்

மூன்றாவது கியரிலிருந்து நாலுக்குப் போக வேண்டிய கை, ரெண்டுக்குப் போய்விட்டது. இன்ஜின் வீறிட்டுக் கத்தியது. மீட்டரில் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பியது.

"ஒண்ணுமில்ல, ரோடு சரியில்ல" என்றார் மேனேஜர்.

பக்கத்து சீட்டிலிருந்த மனைவி ரோட்டைப் பார்த்தாள். அது கண்ணாடி மாதிரி இருந்தது.

மேனேஜரின் இருபது வருட ஆசை அந்த ஸ்போர்ட்ஸ் கார். மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள்தான். ஆனாலும் இதன் ஸ்டியரிங்கை அவள் தொட விட்டதில்லை.

"உன் ஸ்கூல் வண்டியெல்லாம் பொடிசு. இது குதிரை."

மெக்கானிக் இன்ஜினைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இன்ஜின் எல்லை மீறாம பாத்துக்க லிமிட்டர் இருக்கேன்னு நம்பாதீங்க சார். அது ஆக்சிலரேட்டரைத்தான் அடக்கும். தப்பான கியர் விழுந்தா சக்கரமே இன்ஜினைப் போட்டுச் சுத்திடும். இன்னொரு தடவை இப்படிக் கத்துச்சுன்னா வால்வு வளைஞ்சு இன்ஜினே போயிடும். அப்புறம் காரை எடைக்குத்தான் போடணும்."

"அய்யய்யோ! என்ன பண்றது?"

"கை தப்புதுன்னு தெரிஞ்ச உடனே கிளட்சை மிதிச்சுப் பிடிக்கணும். அவ்வளவுதான்."

இவ்வளவு பெரிய காருக்கு இவ்வளவு சின்ன வைத்தியமா? மேனேஜர் நம்பவில்லை. ஊசி சிவப்பை நெருங்கினால் அலறும் மணி ஒன்றை மாட்டினார். அது அலறியதில் அவரே துள்ளி விழுந்து, நல்ல கியரையும் கெடுக்கப் பார்த்தார். மணியைக் கழற்றிவிட்டு மனைவியை அந்த வேலைக்கு வைத்தார்.

"ஊசி சிவப்புக்கிட்ட வந்தா சொல்லு."

"வருது."

"எங்க?" என்று அவள் பக்கம் திரும்பினார். ஒரு குப்பைத்தொட்டி பம்பரில் வந்து உட்கார்ந்தது.

"எப்படியும் பம்பருக்காக வண்டியை மெக்கானிக்கிட்ட விடப் போறீங்க. என் சீட்டும் ஆடுது, அதையும் பாக்கச் சொல்றேன்" என்றாள் மனைவி.

வண்டி திரும்பி வந்ததிலிருந்து அதிசயம்தான். இன்ஜின் கத்தவே இல்லை. கை தப்பினால்கூட வண்டி ஒரு நொடி லேசாகும். மேனேஜர் சாவகாசமாகச் சரியான கியரைத் தேடிப் பிடிப்பார்.

"குதிரைக்கு எஜமான் யாருன்னு புரிஞ்சுபோச்சு" என்று மார்தட்டினார். மனைவி தன் காலடியில் இருந்த துணிப்பையைச் சரிசெய்துகொண்டாள்.

'இந்தக் கார் ஆறு மாசம் தாங்காது' என்று ஆரூடம் சொன்னவர் சகலை. அவரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதைக்கே போனார் மேனேஜர். கொண்டை ஊசி வளைவில் கை தப்பியது. சகலை கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். இன்ஜினோ கமுக்கமாக இருந்தது.

"எப்படி சகலை?" என்று கண்ணைத் திறந்தார் அவர்.

"கை, கால், காது மூணும் ஒண்ணா வேலை செய்யணும். சில பேருக்கு அது பொறப்புலேயே வரும்."

மனைவி கொட்டாவி விட்டாள்.

அடுத்த சர்வீஸுக்குச் சகலையும் கூடவே வந்தார். மெக்கானிக் இன்ஜினைப் பார்த்து அசந்துபோனார். "புதுசு மாதிரி இருக்கு சார்!"

மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. "கேட்டுக்குங்க சகலை. ஓட்டறவன் கால்ல இருக்கு எல்லாம்!"

மெக்கானிக் காருக்குள் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை நீட்டினார்.

"சார், உங்க கிளட்ச் பெடல் அப்படியேதான் இருக்கு. டிரைவிங் ஸ்கூல் வண்டி மாதிரி அக்கா சீட்டுக்கு முன்னாடி ஒண்ணு மாட்டிக் குடுத்தேனே, அதுதான் மிதிபட்டுத் தேஞ்சுபோச்சு. மாத்திடவா?"