அஞ்சே நிமிஷத்தில் ஒரு வெட்டுக்கிளி

அஞ்சே நிமிஷக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எல்லா நாட்டிலும் உண்டுதான். உகாண்டாவில் எங்கள் மசாகா ஊரில் கொஞ்சம் கூடுதல். கண்டுபிடிப்பது மிகச் சுலபம். உங்கள் சிக்கலைச் சொல்லத் தொடங்குங்கள். பாதி வாக்கியத்திலேயே அவர் தலையாட்ட ஆரம்பித்துவிடுவார். சிக்கல் புரிந்துபோய்த் தலையாட்டுகிறார் என்றா நினைத்தீர்கள்? புரிந்திருந்தால் ஏன் ஆட்டப் போகிறார்?

எங்கள் ஊரில் இந்த இனத்தின் சிறந்த மாதிரி கிகோங்கோ. இரட்டைப் பிள்ளைகளுக்கு முந்திப் பிறந்தவர் என்பதைத் தவிர அந்தப் பெயர் வேறெதையும் காட்டிக்கொடுக்காது. இங்கே பெயரைச் சொன்னாலே பெரும்பாலும் குலம் தெரிந்துவிடும். கேலி செய்கிற இடத்தில் குலத்தை இழுத்து வம்பில் மாட்டிக்கொள்வானேன் என்று, இந்தக் கதையில் இரட்டைப் பிள்ளைகளை ஒட்டி வரும் பெயர்களாகவே பார்த்து வைத்திருக்கிறோம்.

கம்பாலாவில் எப்போதோ ஒரு மதியம் நடந்த கணினிப் பயிற்சியில் கொடுத்த அடையாள அட்டை இன்னமும் கிகோங்கோவின் கழுத்தில் தொங்குகிறது. கல்யாணத்துக்கும் அதோடுதான் வருவார். ஏதாவது ஒரு டச் ஸ்கிரீனைக் கண்டுவிட்டால் போதும், நேரே அதனிடம் போய், 'ஹா' என்று ஊதி, சட்டைக் கையால் துடைத்து, தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்து, ஒற்றை விரலால் அதன் நெற்றியைத் தொடுவார். பிறகு மூன்று மந்திரங்கள் வரும். கோடிங்கே வேண்டாம். இழுத்துப் போட்டா போதும். அஞ்சே நிமிஷம்.

ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் வீடு, வாழைத்தோட்டம், பிள்ளைகள், மாமியார் என்று நலம் விசாரித்து முடிக்கவே பத்து நிமிடம் பிடிக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஐந்து நிமிடத்தில் ஒரு வேலை எப்படி முடியும் என்று யாரும் கேட்டதில்லை. போன வருடம் ஒரு கல்யாணத்தில், மணமக்களின் படங்களைப் பாட்டோடு திரையில் ஓட்டித் தருகிறேன் என்றார். ஓடின. முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று ஓடின.

இவ்வளவும் தெரிந்தும் பாபிரியே எப்படி மாட்டினாள்? பாவம், அவளுக்கு வேறு வழியில்லை. ஒற்றை அறையில் நடக்கும் குலங்களின் அருங்காட்சியகம் ஒன்றுக்கு அவள்தான் பொறுப்பாளர், வழிகாட்டி, கூட்டித் துடைப்பவர் எல்லாம். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். கண்ணாடிப் பெட்டிகளைத் தாண்டி ஓடி, வாசலில் வாழைப்பழம் சுடும் பெண்ணிடம் போய் நிற்பார்கள். இதற்கிடையே ஒரு ஹோட்டல் தன் பழைய தொடுதிரையைக் கழித்துக் கொடுத்தது. மூலையில் விரிசல், மற்றபடி உயிர் இருந்தது. அதில் ஒரு விளையாட்டு வைத்தால் பிள்ளைகள் நிற்பார்களே என்று நினைத்தாள்.

அதைவிடப் பெரிய காரணம் நடுவில் இருந்த காலிப் பெட்டி. வெட்டுக்கிளிக் குலத்தின் பழைய முரசுக்காக நான்கு வருடமாக அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள். அந்தக் குலத்து மூத்தவர் சலோங்கோ அப்போதுதான் மனமிரங்கி, இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை முரசைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். கூடவே ஒரு வார்த்தை. "எங்க குலத்தைக் குறைச்சுக் காட்டுற மாதிரி அங்க ஒண்ணும் இருக்கக் கூடாதும்மா. இருந்துச்சுன்னா வந்த வண்டியிலேயே முரசு திரும்பிடும்."

கிகோங்கோவிடம் இதை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். அவர் ரோலெக்ஸ் தின்றுகொண்டிருந்தார். சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டியதுதான், கையில் கட்டுவதல்ல. மென்றபடியே தலையாட்டினார். ஆறு குலத்துக்கு ஆறு முகம், கீழே ஆறு குலச்சின்னம், சரியான முகத்தின்மேல் சரியான சின்னத்தை இழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதானே என்றார். அதற்கென்றே 'பொருத்து' என்ற பெயரில் அச்சு மாதிரி, அதாவது டெம்ப்ளேட், ஒன்று தயாராக இருக்கிறதாம். படங்களை மாற்றிச் சரியான விடைக்கு டிக் போட்டால் தீர்ந்தது. அஞ்சு நிமிஷம் ஏழு வாரம் ஆனது. முரசு வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வைத்துவிட்டுப் போனார்.

"ஓட்டிப் பார்த்தீங்களா, செபோ?" என்று மரியாதையாகவே கேட்டாள் பாபிரியே. எங்கள் ஊரில் ஐயாவுக்கு செபோ, அம்மாவுக்கு நியாபோ.

"ஓட்டிப் பாக்குறதெல்லாம் கோடிங் பண்றவங்களுக்கு, நியாபோ. இதுல தப்பு வரவே வழியில்ல."

சனிக்கிழமை காலை சலோங்கோ வந்தார். நீள வெள்ளை அங்கி, மேலே கோட்டு, மரப்பட்டைத் துணியில் சுற்றிய முரசு கையில். பாபிரியே முழந்தாளிட்டு வணங்கினாள். நலம் விசாரிப்பு முறைப்படி நடந்தது. பின்னாலேயே குலத்தார் எட்டுப் பேர் நின்றார்கள். முரசைப் பெட்டியில் வைக்கும் முன் அந்த விளையாட்டைப் பார்த்துவிடலாமே என்றார் சலோங்கோ. கிகோங்கோ திரையை ஊதினார், துடைத்தார், நெற்றியைத் தொட்டார்.

ஆறு முகமும் வந்தன. ஒரே குண்டுக்கன்னம்தான், தொப்பி மட்டும் வேறு. பெரியவர் வெட்டுக்கிளியை விரலால் மெல்ல இழுத்து, வெட்டுக்கிளிக் குலம் என்று எழுதியிருந்த முகத்தின்மேல் வைத்தார். சரியான விடை.

முகம் வாயைத் திறந்தது. வெட்டுக்கிளியை உள்ளே இழுத்தது. மொறுக், மொறுக் என்று மென்றது. பிறகு உதட்டை நக்கிக்கொண்டு, "ஆஹா, என்ன ருசி, இன்னொண்ணு கொடு" என்றது.

நவம்பரில் ஊரே வெட்டுக்கிளியை வறுத்துக் கொறிக்கும். அந்தக் குலத்தார் மட்டும் தொட மாட்டார்கள். தன் குலச்சின்னத்தைத் தின்பது உடன்பிறந்தவனைத் தின்பது மாதிரி. கிகோங்கோவின் அச்சு மாதிரியோ, சத்துள்ள காய்கறி தின்னச் சொல்லிப் பிள்ளைகளுக்காக யாரோ எங்கோ செய்தது. பெயரைப் பார்த்து எடுத்தாரே தவிர வாயைப் பார்க்கவில்லை.

சலோங்கோ மரப்பட்டைத் துணியை முரசின்மேல் இழுத்து மூடினார். நான்கு வருடம் போயிற்று என்று பாபிரியேவுக்கு அழுகையே வந்துவிட்டது. வாயை எடுத்துவிடுங்கள் என்று கிகோங்கோவின் காதோரம் கெஞ்சினாள். அவர் முதன்முறையாகத் தலையாட்டவில்லை.

"வாய் அச்சோடவே வந்தது, நியாபோ. அதை எடுக்கணும்னா..." கழுத்து அட்டையைச் சட்டைக்குள் நுழைத்தார். "கோடிங் தெரியணும்."

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பாபிரியே திரையை அழுத்தினாள். மறுபடி வந்த வெட்டுக்கிளி அவள் விரலோடு வழுக்கிப் போய்க் காளான் குலத்தின்மேல் விழுந்தது. தப்பான விடை. அந்த முகம் 'த்தூ' என்று துப்பி, கழுத்தைத் திருப்பிக்கொண்டு, "ஐயே, எனக்கு வேண்டாம்" என்றது.

அவள் கை அப்படியே நின்றது. துப்ப வேண்டியவர் தின்கிறார், தின்னக்கூடியவர் துப்புகிறார். அவ்வளவுதானே?

"டிக்கை மாத்திப் போடுங்க," என்றாள். "சரிங்கிறதை எல்லாம் தப்புன்னு போடுங்க. தப்பை எல்லாம் சரின்னு போடுங்க."

"அப்புறம் மார்க் தலைகீழா வருமே?"

"வரட்டும். போடுங்க."

உண்மையாகவே ஐந்து நிமிடம்தான் ஆனது. கிகோங்கோவின் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. பெரியவர் கிளம்பக் கோட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரே ஒருமுறை என்று பாபிரியே மறுபடி முழந்தாளிட்டாள். அவர் மனமில்லாமல் வெட்டுக்கிளியை இழுத்துத் தன் குலத்து முகத்தின்மேல் வைத்தார். "த்தூ. ஐயே, எனக்கு வேண்டாம்." கன்னமெல்லாம் சுளித்து, பிடிவாதமாகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டது முகம்.

சலோங்கோ உற்றுப் பார்த்தார். மறுபடி வைத்தார். மறுபடி துப்பியது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. "எங்கப்பா இப்படித்தான் துப்புவாரு," என்றார். "கழுத்து கூட அதே பக்கம்." எட்டுப் பேரும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். யாரோ திரையில் காளான் குலத்துக்காரருக்கு ஒரு யானையைக் கொடுக்க, அவர் அதை மொறுக்கென்று மென்று இன்னொன்று கேட்டார்.

முரசு பெட்டிக்குள் போயிற்று. பள்ளிப் பிள்ளைகள் இப்போது வாழைப்பழத்தை மறந்து திரை முன் அடித்துக்கொள்கிறார்கள். ஆறு பேரையும் துப்ப வைத்தால் மைனஸ் அறுபது. அதை வாங்குகிறவரே மேதை. மார்க் ஏன் கீழே போகிறது என்று கேட்பவர்களிடம், அது தான் யோசித்து யோசித்து வைத்த தனி அம்சம் என்கிறார் கிகோங்கோ, கழுத்து அட்டையைத் தடவியபடி.

அன்று வாசல் வரை போன சலோங்கோ திரும்பி நின்று, ஆறு குலம்தானே இருக்கிறது, மற்றக் குலமெல்லாம் எப்போது வரும் என்று கேட்டார். பாபிரியே கணக்குப் போடவில்லை. யாரையும் கேட்கவில்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவள் தலை ஆடிக்கொண்டிருந்தது.

"அஞ்சே நிமிஷம், ஜாஜா," என்றாள் தாத்தாவிடம்.

திரையில் இன்னும் அதே ஆறு குலம்தான் இருக்கிறது. நீங்கள் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்கார்ந்தபோது உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்களே, அவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள்? போய்ப் பாருங்கள், அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வருகிறது.