மூன்றடி மஞ்சள் பூ

"களையாம்! என் கோல்டன்ராடு களையாம்!"

லொரெய்ன் குடியிருப்புச் சங்கத்தின் நோட்டீஸைக் கசக்கிச் சுவரில் அடித்தாள். பதினைந்து நாளில் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்ட வேண்டுமாம். இல்லையென்றால் சங்கமே ஆள் வைத்து வெட்டுமாம்.

ஃப்ரெஸ்னோ நகரில் அது மழை பொய்த்த மூன்றாவது வருடம். வாசல் புல்லைத் தன் கையாலேயே பெயர்த்துவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய கோல்டன்ராடு செடியைப் பார்த்து நட்டிருந்தாள். மாதம் இருமுறை தண்ணீர் காட்டினால் போதும். இப்போது மூன்றடி உயரத்தில் மஞ்சள் கொத்துகள், கொத்துக்குக் கொத்து தேனீ.

"பக்கத்து வீட்டு வெர்னன்தான் போட்டுக் குடுத்திருக்கான். தும்முறதெல்லாம் என் பூவாலதான்னு நெனப்பு!"

"நேராக் கேட்டுடேன்," என்றார் கணவர் கர்ட்.

"அவன்கிட்ட நான் போய்ப் பேசணுமா?"

பேசவில்லை. போர்டு நட்டாள்: 'இந்தப் பூவால் தும்மல் வராது. படித்துத் தெரிந்துகொள், முட்டாளே!'

அனுமதியில்லாத போர்டு என்று இரண்டாவது நோட்டீஸ் வந்தது.

போர்டைப் பிடுங்கிவிட்டு, செடிகளை மறைத்துப் பலகைத் தட்டி அடித்தாள். மூன்றாவது நோட்டீஸ் வந்தது. அனுமதியில்லாத வேலி, வெட்டும் ஆள் நாளைக்கே வருவான்.

"இரு லொரெய்ன்!" என்று கர்ட் கத்தியது அவள் காதில் விழவேயில்லை. அடுத்த வாசலுக்குப் பாய்ந்தாள். அங்கே தெளிப்புக் குழாய் வெர்னனின் பச்சைப் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"யோவ் வெர்னன்! வெளிய வாய்யா!"

வெர்னன் வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். "லொரெய்ன், நானே உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு... அச்சூ!"

"தும்மு! நல்லாத் தும்மு! வாயில்லாத செடிமேல புகார் எழுதுற கையாய்யா அது?"

ஆத்திரத்தில் அந்தத் தண்ணீர்க் குழாயை எட்டி உதைத்தாள். குழாய் உடைந்து, தண்ணீர் ஆளுயரத்துக்கு எழும்பியது. வெர்னன் தொப்பலாக நனைந்தார். வெள்ளம் பலகைத் தட்டியைச் சாய்த்தது. தட்டி விழுந்து கோல்டன்ராடில் பாதி மடங்கியது.

உயரம் அளக்க டேப்போடு வந்த சங்கத்து குமாஸ்தா டீனா வாயைப் பிளந்து நின்றாள்.

"நல்லா எழுதிக்கோ!" லொரெய்னுக்கு அழுகையும் ஆவேசமும் சேர்ந்து வந்தன. "புகார் குடுத்தவன் லட்சணத்தையும் சேத்து எழுதிக்கோ!"

டீனா காகிதக்கட்டைப் புரட்டினாள்.

"புகாரா? இவரு தன் புல்லைப் பிடுங்கிட்டு இதே செடிய வைக்க அனுமதிதானே கேட்டிருக்காரு, மேடம். மாதிரிக்குன்னு உங்க தோட்டத்து போட்டோவ ஒட்டியிருந்தாரு, அதப் பாத்துதான் மூணடி வளந்திருக்குன்னே எங்களுக்குத் தெரிஞ்சுது!"