பூனை உபயோகத்திற்கு மட்டும்

அசோக் நகரில் சண்முகவடிவின் வீட்டு முற்றத்தில் ஒரு மணற்குவியல் இருந்தது. குளியலறை கட்டுவதற்காக வாங்கிய மணல். செங்கல்லும் வந்துவிட்டது. சிமெண்ட் கட்டுப்பாட்டுக் காலம்; அதற்கு மட்டும் அரசாங்க பர்மிட் வரவேண்டும். விண்ணப்பம் கொடுத்து இரண்டு வருஷம் முடிந்து மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. அதுவரை அவள் கீற்றுத் தட்டி மறைவில் குளித்தாள். பின்வீட்டு மாடிக்கு யாராவது துணி உலர்த்த வந்தால், அவர்கள் இறங்கும் வரை சோப்பு நுரையோடு குனிந்தே உட்கார்ந்திருப்பாள்.

மணலை முறையாக உபயோகித்தது பக்கத்து வீட்டு ஜஹனாராவின் வெள்ளைப் பூனை ஒன்றுதான். மல்மல் என்று பெயர். தினம் காலை ஏழு மணிக்கு மதில் தாண்டி வந்து, குழி பறித்து, காரியம் முடித்து, மூடிவிட்டுப் போகும். அரசாங்க ஊழியர் எவரிடமும் காணாத நேர ஒழுங்கு.

வாயில்லா ஜீவன், அடிக்க மனம் வரவில்லை. ஆரஞ்சுத் தோல் போட்டாள். மல்மல் அதையும் சேர்த்து மூடியது. தண்ணீர் தெளித்தாள், தோண்ட இன்னும் வசதியாயிற்று. கடைசியில் ஜஹனாராவிடமே சொன்னாள்.

"நான் என்னக்கா பண்றது? இப்போ எல்லாரும் போடறாங்கன்னு எங்க வீட்டிலயும் மொசைக் போட்டுட்டாங்க. மொசைக்ல பூனை எப்படித் தோண்டும்? நீங்க ரூமைக் கட்டிட்டா மணலும் தீரும், அதுவும் வராது."

ஆக, ஜீவகாருண்யத்துக்கு வழி சிமெண்ட்தான் என்று தீர்மானமாயிற்று. கணவர் தனபாலனுக்கு ஜவுளிக்கடையில் லீவு கிடைக்காது. சண்முகவடிவே பர்மிட் ஆபீசுக்குப் போனாள்.

எழுத்தர் சுயம்புலிங்கம் ஃபைலைத் தேடாமலே, "பரிசீலனையில இருக்கும்மா" என்றார்.

"பூனை அசிங்கம் பண்ணுது சார். மணலே பாழாப் போகுது."

அவர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "தினமுமா?"

"ஒரு நாள் தவறாம."

"அப்போ அது மணல் இல்லைம்மா, திறந்தவெளிக் கழிப்பிடம். குளியலறைன்னா சொகுசு, வரிசையில நிக்கணும். கழிப்பிடம்னா சுகாதாரம், அவசரம். முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"உபயோகிக்கிறது பூனை சார்."

"ஃபாரத்துல 'உபயோகிப்பவர்'னுதான் இருக்கு. மனுஷரா மிருகமான்னு கேக்கலை. பேரு?"

"மல்மல்."

"தகப்பனார் பேரு?"

சண்முகவடிவு யோசித்தாள். தெருவில் ஒரு கறுப்புக் கடுவன் உண்டு, நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. "தெரியாது சார்."

"காலஞ்சென்றவர்னு போட்டுக்கறேன். கேள்வி வராது."

பத்தே நாளில் சிமெண்ட் வந்தது. அறை எழுந்தது. கதவு, தாழ்ப்பாள், வெந்நீர் அண்டாவுக்கு மேடை. முதல் நாள் சண்முகவடிவு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்று, முக்கால் மணி நேரம் குளித்தாள். சேதி பரவி, தெருவில் ஏழு வீட்டு வாசலில் மணல் இறங்கியது.

அடுத்த வாரம் சுயம்புலிங்கம் பார்வையிட வந்தார். கதவில் 'பூனை உபயோகத்திற்கு மட்டும்' என்று எழுதச் சொன்னார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "உபயோகிப்பவர் எங்கே?" என்றார்.

மணல் தீர்ந்த அன்றே மல்மல் வருவதை நிறுத்திவிட்டிருந்தது.

"நேர்ல பாக்காம நான் எழுத முடியாதும்மா. உபயோகம் இல்லைன்னா இடிக்கச் சொல்லி உத்தரவு வரும்."

சண்முகவடிவு மதிலுக்கு ஓடினாள். "ஜஹனாரா, மல்மலைக் கொஞ்சம் அனுப்பும்மா. ஒரு தட்டுல புது மணல் வச்சுத் தர்றேன். சலிச்ச மணல்."

"இல்லையேக்கா. காலையிலேயே பர்மிட் ஆபீஸ் பியூன் வந்து கூடையில எடுத்துக்கிட்டுப் போயிட்டாரே. சுயம்புலிங்கம் சார் வீட்டுலயும் மணல் இறக்கியிருக்காங்களாம்."

சுயம்புலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். பேனாவைத் திறந்து, குறிப்பேட்டில் நிதானமாக எழுதினார்: 'உபயோகிப்பவர் அலுவல் நிமித்தம் வெளியே சென்றுள்ளார். கழிப்பிடம் நல்ல உபயோகத்தில் உள்ளது.'

"சாட்சிக் கையெழுத்து போடுங்கம்மா."

சண்முகவடிவு போட்டாள். அவர் தலை மறைந்ததும் கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு, கதவில் எழுதியிருந்ததை ஒரு தடவை படித்துவிட்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.