ஆயுள் சான்றிதழ்

மனித குலத்தின் கண்டுபிடிப்புகளில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம் மருத்துவர்களுக்கான 'தொடர் தகுதிச் சான்று'க்குத்தான். அமெரிக்காவின் துலூத் நகரில் எங்கள் மருத்துவமனையின் சான்றிதழ்ப் பிரிவைக் கட்டிக்காப்பவன் என்ற முறையில் இதைப் பணிவுடன் அறிவிக்கிறேன்.

கதிர்வீச்சு சிகிச்சை தரும் டாக்டர்களுக்கு, சான்று வழங்கும் வாரியம் வாராவாரம் கணினியில் கேள்விகள் அனுப்பும். கெடுவுக்குள் பதில் போடாவிட்டால் சான்று 'உறங்கும்'; அது விழிக்கும்வரை சிகிச்சை தரக்கூடாது. டாக்டர் டெஸ்ஸா லிண்ட்க்விஸ்டின் சான்று அப்படித்தான் உறங்கிப்போனது.

விளக்கம் கேட்டேன். அவருடைய நோயாளி, நாக்கில் புற்றுநோய் வந்த மார்லீன், சாப்பிட முடியாமல் இளைத்துவிட்டாராம். சிகிச்சையின்போது தலை அசையாதிருக்க மாட்டும் முகமூடி தொளதொளத்துவிட்டதாம். கதிர் இடம் மாறி விழுந்துவிடாமல் இருக்க டெஸ்ஸா புது முகமூடி செய்துகொண்டிருந்தாராம். ஜூனில் மகள் கல்யாணத்தில் நாலு வார்த்தை பேச மார்லீனுக்கு அந்த நாக்கு வேண்டுமாம். அதனால் கேள்வியைப் பார்க்கவே இல்லையாம்.

அவர் தவறவிட்ட கேள்வியை எடுத்துப் பார்த்தேன். 'நோயாளி இளைத்து முகமூடி தளர்ந்தால் மருத்துவர் என்ன செய்ய வேண்டும்?'

"அதைத்தானே செஞ்சிட்டிருந்தேன், கார்ல்," என்றார் டெஸ்ஸா.

"செஞ்சீங்க டாக்டர். சொல்லலையே."

விதிப்படி மார்லீனை டாக்டர் வெண்டல் ஹாகனிடம் மாற்றினேன். அவர் காலத்தில் ஒருமுறை தேறினால் போதும், சாகும்வரை செல்லும். அவர் சுவரில் தொங்குவது ஆயுள் சான்றிதழ். வாரக் கேள்விகள் அவரை அண்டா. சிகிச்சைத் திட்டம் போடும் கணினியை அவர் அன்போடு 'டிவி' என்பார்.

டெஸ்ஸா செய்த புது முகமூடி, உறங்கும் சான்றுக்காரர் செய்தது என்பதால், அலமாரியில் உறங்கியது. பழையதையே மாட்டினார்கள்.

"இதுக்குள்ள தலையைத் திருப்ப முடியுது டாக்டர்," என்றார் மார்லீன்.

"நல்லதாப் போச்சு. மத்தவங்க இறுக்குதுன்னு அழுவாங்க," என்றார் ஹாகன்.

மார்லீன் முகமூடியைக் கழற்றச் சொல்லி எழுந்து உட்கார்ந்துவிட்டார். டெஸ்ஸா வந்தால்தான் இனிப் படுப்பாராம். அறியாமையைப் போக்குவது என் கடமை. ஹாகனின் சான்றிதழைச் சட்டகத்தோடு சுவரிலிருந்து கழற்றிவந்து மார்லீன் மடியில் வைத்தேன்.

"பயப்படாதீங்க மார்லீன். டெஸ்ஸாவோடது வாரச் சான்று. இது ஆயுள் சான்றிதழ்."

மார்லீன் அதை ஓர் எழுத்து விடாமல் படித்தார். வாய் முழுக்கப் புண். மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"யாரோட ஆயுளுக்கு, கார்ல்?"